வைரஸ் நோய்களும் நானோ துகள்களும்: பயன் எவ்வளவு, பாதுகாப்பு எவ்வளவு?

திருவனந்தபுரத்தில் கிள்ளியாற்றை ஒட்டி அமைந்துள்ள வலியசாலை, தமிழ் வரலாற்றைப் பயின்றோர்க்குப் புதிய பெயரன்று. சோழர் மெய்க்கீர்த்திகளில் இடம்பெறும் காந்தளூர்ச் சாலை இங்கே இருந்த கல்விச்சாலையே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இங்குள்ள நீண்ட அக்கிரகாரத் தெருவில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அருகிலுள்ள சாலைக் கடைத்தெரு நகரின் பழைய வணிக மையம். செம்பு, பித்தளை, வெண்கலப் பாத்திரங்களை அடுக்கி வைத்திருக்கும் கடைகள் அங்கு உண்டு.

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்க விஞ்ஞானிகள் வெளியிட்ட ஓர் ஆய்வு இத்தகைய பாத்திரங்களுக்குப் புதிய மதிப்பைத் தேடித் தந்தது. கோவிட் நோயை உண்டாக்கும் வைரஸ் எவர்சில்வர், பிளாஸ்டிக் ஆகியவற்றின் மேற்பரப்பில் 72 மணி நேரம் வரை உயிர்ப்புடன் காணப்பட்டது. செம்பின் மேற்பரப்பிலோ நான்கு மணி நேரத்திற்குப் பின் காணப்படவில்லை. செம்பு, வெள்ளி முதலிய உலோகங்களிலிருந்து வெளிப்படும் அயனிகள் நுண்ணுயிர்களைச் சிதைக்கின்றன என்பது முன்பே அறியப்பட்ட செய்திதான். ஆயினும், கொள்ளைநோயின் அச்சம் சூழ்ந்திருந்த வேளையில், அச்செய்தியிலிருந்து பொதுமக்களும் வணிகர்களும் மூன்று முடிவுகளுக்கு விரைந்து வந்தனர். உலோகம் வைரஸை அழிக்கிறது என்பது ஒன்று. உலோகத்தை எவ்வளவு நுண்ணிய துகளாக்குகிறோமோ அவ்வளவுக்கு அதன் ஆற்றல் பெருகும் என்பது மற்றொன்று. ஆகவே அத்துகளை உடலுக்குள் செலுத்தினால் நோய் தீரும் என்பது மூன்றாவது. இவற்றுள் முதலாவது மெய். இரண்டாவதும் பெரும்பாலும் மெய். மூன்றாவது முடிவுதான் மருத்துவ விஞ்ஞானிகளையும் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளையும் பல ஆண்டுகளாக எண்ண வைத்திருக்கிறது. ‘நானோ வெள்ளி’ என்று அச்சிட்ட முகக்கவசங்களும் தெளிப்பான்களும் அந்நாளில் சந்தையில் பெருகியபோது, அவற்றுள் எது சோதிக்கப்பட்டது, எது சோதிக்கப்படாதது என்பதை வாங்குவோர் அறிய வழியில்லை.

சிறுமையின் பெருமை

ஒரு மீட்டரை நூறு கோடிப் பகுதிகளாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பகுதியே நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள துகள்களை நானோ துகள்கள் என்பது பொது வழக்கு. கோவிட் வைரஸின் குறுக்களவு ஏறத்தாழ 100 நானோமீட்டர். எய்ட்ஸ் நோயின் காரணியான எச்.ஐ.வி. வைரஸும் ஏறத்தாழ அதே அளவினது. போலியோ வைரஸ் சுமார் 30 நானோமீட்டர். ஆக, வைரஸும் ஒரு நானோ துகளே எனலாம். தன் அளவே உள்ள ஒரு பொருளைக் கொண்டு அதை எதிர்கொள்வது என்பதுதான் இத்துறையின் அடிப்படை எண்ணம்.

அளவு குறையும்போது மேற்பரப்பு எவ்வாறு விரிகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுர வெள்ளிக் கட்டியின் மேற்பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டர் மட்டுமே. அதே கட்டியை ஒரு நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாகப் பிரித்தால் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டராகிறது. அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். வெள்ளியின் எடை கூடவில்லை. ஆனால் சுற்றுப்புறத்தோடு வினைபுரியும் பரப்பு ஒரு கோடி மடங்கு கூடிவிட்டது. இந்த ஒரு கணக்கில் இத்துறையின் நன்மையும் தீமையும் சேர்ந்தே அடங்கியுள்ளன. வைரஸோடு வினைபுரியும் பரப்பு எதுவோ, அதுவே உடலின் உயிரணுக்களோடும் வினைபுரிகிறது.

உடலுக்கு வெளியே பணிபுரியும் துகள்

வலியசாலையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பூஜப்புரையில், ஒரு காலத்தில் ராணி சேதுலட்சுமி பாய் வாழ்ந்த சாட்டல்மண்ட் மாளிகை இருக்கிறது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிலையத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு அங்கே இயங்கி வருகிறது. 1976 இல் மருத்துவ மையமாகத் தொடங்கி, 1980 இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்ட இந்நிலையம், இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட செயற்கை இதய வால்வின் மூலம் நாடெங்கும் அறியப்பட்டது. 1990 டிசம்பரில் அந்த வால்வு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உடலுக்குள் வைக்கப்படும் எந்தப் பொருளும் நஞ்சாகாது என்று மெய்ப்பித்த பின்னரே அதைப் பயன்படுத்த வேண்டும் என்பதால், நச்சியல் சோதனைக்கான தனிப் பிரிவும் இங்கு வளர்ந்தது. நானோ துகள்களின் நச்சுத் தன்மையும் அப்பிரிவின் ஆய்வுப் பொருள்களுள் ஒன்று.

கொள்ளைநோயின் தொடக்க மாதங்களில் இந்நிலையம் உருவாக்கிய ஒரு சாதனம் நானோ துகளின் பயனுக்குத் தெளிவான சான்று. கோவிட் நோயைக் கண்டறிய, நோயாளியின் தொண்டையிலிருந்து எடுத்த மாதிரியிலிருந்து வைரஸின் ஆர்.என்.ஏ. என்னும் மரபுப் பொருளை முதலில் பிரித்தெடுக்க வேண்டும். அதற்கான தொகுப்புகள் அப்போது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தன, கிடைப்பதும் அரிதாயிற்று. சித்திரா நிலையத்தின் விஞ்ஞானிகள் காந்தத் தன்மையுள்ள நானோ துகள்களைக் கொண்டு இவ்வேலையைச் செய்யும் முறையை வகுத்தனர். துகள்கள் கரைசலில் கலக்கப்பட்டதும் ஆர்.என்.ஏ. அவற்றின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. குழாயை ஒரு காந்தத்தின் அருகில் வைத்தால் துகள்கள் ஒருபுறமாகச் சேர்கின்றன. மற்ற அழுக்குகளைக் கழுவி நீக்கிவிடலாம். மாதிரியைக் கொண்டுசெல்லும் வழியில் வைரஸ் ஓரளவு சிதைந்திருந்தாலும் அதன் ஆர்.என்.ஏ.வைத் துகள்கள் பற்றிச் சேர்த்துவிடும். எர்ணாகுளத்தைச் சேர்ந்த அகாப்பே நிறுவனத்தின் மூலம் ‘அகாப்பே சித்திரா மேக்னா’ என்ற பெயரில் இத்தொகுப்பு 2020 மே மாதத்தில் வெளியிடப்பட்டது. இறக்குமதித் தொகுப்பு ஏறத்தாழ ரூ.300 விற்ற வேளையில் இதன் விலை ஏறத்தாழ ரூ.150 என்று அறிவிக்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இத்துகள் நோயாளியின் உடலுக்குள் செல்வதேயில்லை. சோதனைக் குழாயிலேயே அதன் பணி தொடங்கி அங்கேயே முடிகிறது. ஆகவே சோதனைக்கூட ஊழியரின் பாதுகாப்பு, பயன்படுத்திய பின் அகற்றும் முறை ஆகிய இரண்டைத் தவிர வேறு பெரிய கேள்வி எழவில்லை. சில வாரங்களிலேயே ஒப்புதல் தரவும் முடிந்தது. துகள் உடலின் எல்லையைக் கடக்கும்போதுதான் கேள்விகள் பெருகுகின்றன.

உடலுக்குள் மூன்று வழிகள்

வைரஸுக்கு எதிராக நானோ துகளை உடலுக்குள் பயன்படுத்தும் வழிகளை மூன்றாகக் கூறலாம். வைரஸ் உயிரணுவில் ஒட்டாதபடி தடுப்பது முதல் வழி. 2005 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், 1 முதல் 10 நானோமீட்டர் வரையுள்ள வெள்ளித் துகள்கள் மட்டும் எச்.ஐ.வி. வைரஸின் மேற்புறக் குமிழ்களில் ஒட்டிக்கொண்டு, அது உயிரணுவைப் பற்றுவதைத் தடுத்ததை அமெரிக்க, மெக்சிகோ விஞ்ஞானிகள் மின்னணு நுண்ணோக்கியின் கீழ்க் கண்டனர். அதைவிடப் பெரிய வெள்ளித் துகள்கள் ஒட்டவில்லை. சோதனைக்கூடத்தில் இது பெருமகிழ்ச்சி தந்த முடிவு. ஆனால் இருபது ஆண்டுகள் கழிந்தும் அது மருந்தாக மாறவில்லை. ஏன் என்பதைப் பின்னர் காண்போம்.

இரண்டாவது வழி, வைரஸைத் தானே நசுக்கிச் சிதைப்பது. பல வைரஸ்கள் உயிரணுவின் வெளிப்பரப்பிலுள்ள ஹெப்பாரன் சல்பேட் என்னும் சர்க்கரைச் சங்கிலியைப் பற்றிக்கொண்டே உள்ளே நுழைகின்றன. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத் தொழில்நுட்ப நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகளும் அவர்களது பன்னாட்டுக் கூட்டாளிகளும் அச்சங்கிலியைப் போன்ற தோற்றமுள்ள நீண்ட மூலக்கூறுகளைத் தங்க நானோ துகளின்மேல் பதித்தனர். வைரஸ் ஏமாந்து துகளைப் பற்றிக்கொள்ள, அந்த அழுத்தத்திலேயே அதன் உறை உடைந்துபோயிற்று. ஹெர்ப்பிஸ், டெங்கு முதலிய வைரஸ்களின்மேல் இது வேலை செய்தது என்று 2018 இல் அவர்கள் அறிவித்தனர். ஆனால் அதே குழுவினர் 2020 இல் வெளியிட்ட அடுத்த ஆய்வில் தங்கத்தைக் கைவிட்டு, உணவுத் தொழிலிலும் மருந்துத் தொழிலிலும் ஏற்கெனவே பழக்கமான சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்னும் சர்க்கரைப் பொருளின்மேல் அதே மூலக்கூறுகளைப் பதித்திருந்தனர். தங்கம் உடலில் கரையாது, சர்க்கரை கரையும். வைரஸை வெல்லும் ஆயுதம் தயாரான பின், அதை ஏந்தும் கையை மாற்ற வேண்டிய தேவை எவ்வாறு எழுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மூன்றாவது வழி, துகளை ஒரு வாகனமாகக் கொள்வது. உண்மையில் மக்களுக்குப் பயன்பட்டிருப்பது இவ்வழிதான். 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகள் சிகிச்சைக்குரியவை அல்ல, நோயைத் தடுப்பவையே. எனினும் நானோ துகள் கோடிக்கணக்கான மனிதர் உடலுக்குள் சென்ற முதல் பெருநிகழ்ச்சி அவற்றால்தான் நடந்தது. எளிதில் சிதையும் எம்.ஆர்.என்.ஏ.வைச் சுற்றி நான்கு வகைக் கொழுப்புப் பொருள்களால் ஆன, நூறு நானோமீட்டர் அளவேயுள்ள உருண்டை உறையாக அமைகிறது. உயிரணுவுக்குள் நுழைந்ததும், அங்குள்ள அமிலத் தன்மையால் கொழுப்பின் மின்னேற்றம் மாறி, உறை பிரிந்து சரக்கை இறக்கிவிடுகிறது. பின்னர் அக்கொழுப்பு உடலிலேயே படிப்படியாகச் சிதைகிறது.

இந்த வாகனத்தின் அமைப்பு நாட்டின் பொருளாதாரத்தையும் தொடுகிறது. முதலில் வந்த அமெரிக்கத் தடுப்பூசிகளுள் ஒன்று உறைநிலைக்குக் கீழே 60 முதல் 90 பாகை வரை வைக்கப்பட வேண்டியிருந்தது. நம் நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அது எட்டாத ஏற்பாடு. புனே நகரின் ஜென்னோவா நிறுவனம் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் உதவியுடன் உருவாக்கி, 2022 ஜூனில் அவசரகால ஒப்புதல் பெற்ற எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி உறையவைத்து உலர்த்திய தூளாக அமைந்தது. 2 முதல் 8 பாகை வரையுள்ள சாதாரணக் குளிர்பெட்டியில் அதை வைக்கலாம். போலியோ சொட்டு மருந்தும் அம்மைத் தடுப்பூசியும் சென்ற அதே பாதையில் இதுவும் செல்ல முடிந்தது.

கொழுப்பு உறையின் நன்மையை இந்தியா வைரஸ் அல்லாத இரு நோய்களில் முன்பே கண்டிருந்தது. ஆம்போடெரிசின் என்னும் மருந்து சிறுநீரகத்தைக் கடுமையாகத் தாக்கக்கூடியது. அதையே கொழுப்பு உறைக்குள் இட்டபோது சிறுநீரகப் பாதிப்பு பெரிதும் குறைந்தது. பீகாரில் கருங்காய்ச்சல் நோயாளிகளுக்கு ஒரே வேளை மருந்தாக அதைத் தரும் முறை ஆராயப்பட்டுப் பின்னர் தேசியத் திட்டத்தில் இடம்பெற்றது. 2021 இல் கோவிட் நோயிலிருந்து மீண்டவர்களைக் கரும்பூஞ்சை நோய் தாக்கியபோது நாடெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டதும் இதே மருந்துக்குத்தான். அவ்வாண்டு ஜூனில் சரக்கு, சேவை வரி மன்றம் ஆம்போடெரிசின் மீதான வரியை முற்றிலும் நீக்கியது. துகளாக்கும் தொழில்நுட்பம் நச்சுத் தன்மையைக் கூட்டும் என்று மட்டுமே எண்ணுவோர் இந்த அனுபவத்தையும் நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

உள்ளே சென்ற துகள் எங்கே போகிறது?

இரத்தத்தில் சேர்ந்த துகள் சில நிமிடங்களுக்குள் புரதங்களால் போர்த்தப்படுகிறது. அதன்பின் உடல் காண்பது தொழிற்சாலையில் செய்த துகளை அன்று. அந்தப் புரதப் போர்வையைத்தான். சோதனைக் குழாயில் நன்றாக வேலை செய்த துகள் உடலுக்குள் வேறுவிதமாக நடந்துகொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வெளியேற்றத்தில் அளவே தீர்ப்பு வழங்குகிறது. ஏறத்தாழ ஆறு நானோமீட்டருக்கும் குறைவான துகள்கள் சிறுநீரகத்தின் வழியே வெளியேறிவிடுகின்றன என்று 2007 இல் வெளியான விலங்காய்வு ஒன்று காட்டியது. அதைவிடப் பெரியவற்றைக் கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அவ்வாறு பிடிபட்டது கொழுப்பாயின் செரிமானமாகிறது. பிடிபட்டது தங்கமோ டைட்டானியம் ஆக்ஸைடோ ஆயின் மாதக்கணக்கில், சில வேளை அதற்கும் மேலாக, அங்கேயே தங்குகிறது. மருந்தை ஒருமுறை மட்டும் தரும்போது இது பெரிய இடையூறு ஆகாமல் போகலாம். நாள்பட்ட வைரஸ் நோய்க்கு ஆண்டுக்கணக்கில் தர வேண்டியிருந்தால் நிலைமை வேறு. மூக்கின் வழியாகச் செல்லும் துகளுக்கு மற்றொரு பாதையும் உண்டு: மூச்சில் கலந்த கார்பன் நானோ துகள்கள் எலிகளின் மோப்ப நரம்பு வழியே மூளையின் மோப்பப் பகுதியை அடைந்ததை 2004 ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று கண்டறிந்தது. மூக்கில் தெளிக்கும் வைரஸ் எதிர்ப்பு மருந்துகளை உருவாக்குவோர் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி இது.

இனி, வெள்ளித் துகள் மருந்தாகாத காரணத்திற்கு வருவோம். ஒரு பொருள் வைரஸை அழிக்கிறது என்பது மட்டும் போதாது. உயிரணுக்களில் பாதியைக் கொல்லும் அளவு எது, வைரஸின் பெருக்கத்தைப் பாதியாகக் குறைக்கும் அளவு எது என்று இரண்டையும் கண்டு, முன்னதைப் பின்னதால் வகுத்துப் பார்க்க வேண்டும். அவ்விகிதம் நூறாக இருந்தால் மருந்தாகும் நம்பிக்கை உண்டு. இரண்டாகவோ மூன்றாகவோ இருந்தால் நோயோடு நோயாளியும் துன்புறுவான். வெள்ளி அயனி இன்ன உயிரணு, இன்ன வைரஸ் என்று பாகுபாடு பார்ப்பதில்லை. அது உயிரணுவுக்குள் ஆக்ஸிஜனின் வினைமிக்க வடிவங்களை உண்டாக்கி மரபுப் பொருளையும் தாக்கக்கூடும் என்று ஆய்வுகள் தெரிவிக்கின்றன. வெள்ளிக் கரைசலை நெடுநாள் அருந்தியவர்களின் தோல் நீலச் சாம்பல் நிறமாக மாறிவிடும் நோய் மருத்துவ நூல்களில் நன்கு பதிவானது. அந்நிறம் பின்னர் மறைவதில்லை. இத்தகைய கரைசல்கள் பாதுகாப்பானவை என்றோ பயனுள்ளவை என்றோ ஏற்க இயலாது என 1999 இலேயே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் விதி வெளியிட்டது. அதே கரைசலைக் கோவிட் மருந்தெனக் கூறி 2020 இல் விற்றவர்களுக்கு அந்நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது.

நம் நாட்டில் இதைப் பேசும்போது பற்பங்களையும் குறிப்பிட வேண்டும். ஆயுர்வேத, சித்த மருத்துவ முறைகளில் பலமுறை புடமிட்டுச் செய்யப்படும் உலோகப் பற்பங்கள் சிலவற்றில் நானோ அளவுத் துகள்கள் இருப்பதை நுண்ணோக்கி ஆய்வுகள் காட்டியுள்ளன. முன்னோர் நானோ தொழில்நுட்பத்தை அறிந்திருந்தனர் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உளர். துகள் நானோ அளவில் இருக்கிறது என்பது அதன் அளவைக் கூறுகிறதேயன்றி, அதன் பயனையோ பாதுகாப்பையோ கூறவில்லை. பழைய மருந்துக்கும் புதிய மருந்துக்கும் இவ்விஷயத்தில் அளவுகோல் ஒன்றே.

திரும்பப் பெற முடியாத மருந்து

கொழுப்பு உறையும் முற்றிலும் கவலையற்றது அன்று. 2020 டிசம்பர் 14 முதல் 23 வரை அமெரிக்காவில் போடப்பட்ட ஃபைசர் தடுப்பூசியின் 18,93,360 முதல் தவணைகளில் 21 பேருக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டது. பத்து லட்சத்துக்கு 11 பேர் என்பது கணக்கு. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கச் சேர்க்கப்படும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் பொருளின்மீது ஐயம் சென்றது. பெரும்பாலோருக்குப் பதினைந்து நிமிடங்களுக்குள் அறிகுறி தோன்றியதால், ஊசி போட்டபின் சிறிது நேரம் காத்திருக்கச் செய்யும் ஏற்பாடே பெரும் பாதுகாப்பாக அமைந்தது. இந்தியத் தடுப்பூசி மையங்களிலும், தடுப்பூசி வேறாயினும், அரை மணி நேரம் அமரவைக்கப்பட்டதை வாசகர்கள் நினைவுகூரலாம். இரத்தசோகைக்காக 2009 இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட இரும்பு ஆக்ஸைடு நானோ மருந்து ஒன்றுக்கு, உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை நேர்ந்ததால் 2015 இல் மிகக் கடுமையான எச்சரிக்கைச் சீட்டு ஒட்டப்பட்டது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் அம்மருந்து சந்தையில் இருந்தது. மருத்துவச் சோதனையில் சில ஆயிரம் பேரிடம் தென்படாத தீங்கு, லட்சக்கணக்கானோர் பயன்படுத்திய பின்னரே தெரிய வரலாம்.

இதைவிட ஆழ்ந்து நோக்கத்தக்கது எச்.ஐ.வி.க்கான கேபோடெக்ரவிர் ஊசி மருந்து. உறையோ வாகனமோ இன்றி, மருந்தையே அரைத்து ஏறத்தாழ 200 நானோமீட்டர் துகளாக்கி நீரில் மிதக்கவிட்ட வடிவம் அது. தசையில் செலுத்தியதும் துகள்கள் மெல்ல மெல்லக் கரைகின்றன. அதனால் நாள்தோறும் மாத்திரை விழுங்குவதற்குப் பதில் இரு மாதங்களுக்கு ஒரு முறை ஊசி போட்டுக்கொண்டால் போதும். 2021 இல் அமெரிக்கா இதனை அனுமதித்தது. 2022 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் நோய்த்தடுப்புக்கு இதைப் பரிந்துரைத்தது. 2023 இல் இந்திய நிறுவனங்களான ஆரபிந்தோவும் சிப்லாவும் உற்பத்தி உரிமம் பெற்றவற்றுள் அடங்கும். மாத்திரையை மறைத்து வைத்து உண்ண வேண்டிய நிலையிலுள்ள நோயாளிக்கு இது பெரிய விடுதலை.

ஆனால் மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் மறுநாள் நிறுத்திவிடலாம். தசைக்குள் சென்ற துகளை எவரும் திரும்ப எடுக்க முடியாது. ஊசியை நிறுத்திய பின்னும் ஓராண்டோ அதற்கு மேலோ மருந்தின் எச்சம் இரத்தத்தில் காணப்படலாம். அந்த எச்சம் வைரஸைக் கொல்லப் போதாததாக, ஆனால் அதற்கு எதிர்ப்புத் திறனைக் கற்றுக்கொடுக்கப் போதுமானதாக இருக்கும் அபாயமும் உண்டு. இதனால்தான் தொடக்கத்தில் ஒரு மாதம் மாத்திரையாகத் தந்து பார்த்த பின்னரே ஊசி போடும் முறை வகுக்கப்பட்டது. அனுபவம் கூடிய பின், 2022 இல், அம்முறை கட்டாயமல்ல என்று தளர்த்தப்பட்டது. எச்சரிக்கையோடு தொடங்கி, சான்று சேரச் சேரத் தளர்த்துவது என்னும் இந்த ஒழுங்கு மற்ற நானோ மருந்துகளுக்கும் பொருந்தும்.

விதிகளும் செலவும்

இந்தியாவில் 2007 இல் தொடங்கப்பட்ட நானோ திட்டத்துக்கு ஐந்தாண்டுகளுக்கு ரூ.1,000 கோடி ஒதுக்கப்பட்டது. ஆராய்ச்சிக் கட்டுரைகளின் எண்ணிக்கையில் நாடு விரைந்து முன்னேறியது. மருந்துகளுக்கான தனி வழிகாட்டு நெறிகள் வர 2019 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உயிரித் தொழில்நுட்பத் துறையும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பும் சேர்ந்து வகுத்த அந்நெறிகள், 100 நானோமீட்டர் என்னும் எல்லையோடு நின்றுவிடவில்லை. அதற்கு மேல் 1,000 நானோமீட்டர் வரை இருப்பினும், அளவின் காரணமாகப் புதிய பண்பு காட்டும் துகளையும் உள்ளடக்குகின்றன. உடலில் சிதையும் துகளா, சிதையாத துகளா என்று முதலிலேயே வகைப்படுத்துமாறும், ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியே மதிப்பிடுமாறும் அவை கூறுகின்றன. அதே ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனை விதிகளின்படி, பழைய மருந்தேயாயினும் புதிய வாகனத்தில் ஏற்றப்பட்டால் அது என்றும் புதிய மருந்தாகவே கருதப்படும். இவ்விரண்டும் சரியான திசையில் எடுத்து வைத்த அடிகள்.

குறை வேறிடத்தில் உள்ளது. நோயைத் தீர்ப்பதாகக் கூறும் பொருள் மருந்துச் சட்டத்தின் கீழ் வருகிறது. துணியில் தோய்த்த வெள்ளியும், சுவரில் தெளிக்கும் கரைசலும், முகக்கவசத்தில் பூசிய கிராஃபீனும் நோயாளிக்குச் செலுத்தப்படுபவை அல்ல. ஆனால் முகக்கவசத்தை அணிந்தவர் நாள் முழுதும் அதன் வழியாகவே மூச்சு விடுகிறார். 2021 ஏப்ரலில் கனடா நாட்டின் சுகாதாரத் துறை, கிராஃபீன் துகள்கள் நுரையீரலை அடையக்கூடும் என்று கருதி, அத்தகைய முகக்கவசங்களை அணிய வேண்டாம் என அறிவித்தது. உற்பத்தியாளர்களிடம் சான்று கேட்டுப் பெற்று ஆராய்ந்த பின், தீங்கற்றவை எனத் தெரிந்த சில வகைகளை அதே ஆண்டு ஜூலையில் மீண்டும் அனுமதித்தது. அதற்குத் தேவைப்பட்டது மூன்றே மாதங்கள். விற்பனைக்கு முன்பே அச்சான்றைக் கேட்டிருந்தால் அந்த மூன்று மாதக் குழப்பமும் நேர்ந்திராது.

துவைக்கும்போது வெள்ளித் துணியிலிருந்து வெள்ளி கழன்று நீரில் கலக்கிறது என்பதை 2008 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காலுறைகளைத் துவைத்துப் பார்த்தே காட்டினர். கழிவுநீரைத் தூய்மையாக்கும் நுண்ணுயிர்களுக்கும் வெள்ளி நஞ்சுதான். நகரத்து வீடுகளின் கழிவுநீர் இறுதியில் ஆற்றையோ கடலையோ சேர்வதால், இச்செலவை ஏற்பது துணியை விற்றவரும் அல்லர், வாங்கியவரும் அல்லர்.

பாதுகாப்புச் சோதனையின் செலவை யார் ஏற்பது என்பது பொருளாதாரக் கேள்வி. ஒரு துகள் பயனுள்ளது என்று கண்டுபிடித்தவர் காப்புரிமை பெறலாம்; அது தீங்கானது என்று கண்டுபிடித்தவருக்கு எந்த வருவாயும் இல்லை. ஆகவே இரண்டாவது வகை அறிவு சந்தையில் எப்போதும் குறைவாகவே விளையும். அதை விளைவிப்பது பொதுநிதியின் கடமையாகிறது. லக்னோவில் உள்ள இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிலையமும், திருவனந்தபுரத்தின் சித்திரா நிலையமும் இப்பணியில் அனுபவம் பெற்றவை. ஆனால் துகளின் அளவு, வடிவம், மேற்பூச்சு ஆகியவற்றுள் ஒன்று மாறினாலும் சோதனையைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருப்பதால், இரண்டு மூன்று நிலையங்களால் நாட்டின் தேவை நிறைவேறாது. சிறு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் குறைந்த கட்டணத்தில் அணுகக்கூடிய சோதனைக்கூடங்கள் மாநிலந்தோறும் இருந்தால், தீங்கு தரும் துகள் தொடக்கத்திலேயே கழிக்கப்படும். நல்ல துகளும் விரைவில் நோயாளியை அடையும்.

விரைவு இங்கு அலட்சியப்படுத்தக்கூடியது அன்று. 2018 இல் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் தோன்றி உயிர்களைப் பறித்தது. அதன்பின் கேரளத்தில் அது பலமுறை மீண்டும் தலைகாட்டியுள்ளது. 2021 ஜூலையில் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே ஸிகா வைரஸ் கண்டறியப்பட்டது. டெங்கு ஆண்டுதோறும் மழையோடு வருகிறது. இம்மூன்றுக்கும் நேரடியாக வைரஸை அழிக்கும் ஒப்புதல் பெற்ற மருந்து இல்லை. வைரஸ் ஆய்வுக்கென்றே திருவனந்தபுரம் மாவட்டத்தின் தோன்னைக்கல்லில் கேரள அரசு ஒரு நிலையத்தை நிறுவியுள்ளது. தோன்னைக்கல்லில் வைரஸின்மீது வெற்றி காணும் துகள், பூஜப்புரையின் நச்சியல் கூடத்தில் உயிரணுவின்மீதும் எலியின்மீதும் சோதிக்கப்பட்டு, அதன் பின்னரே மருத்துவமனைக்குச் செல்லும் வகையில் இரு நிலையங்களின் பணியும் தொடக்கத்திலிருந்தே இணைக்கப்படலாம். இவ்விரண்டு கூடங்களும் ஒரே மாவட்டத்தில், ஒரு மணி நேரப் பயணத்திற்குள் அமைந்திருப்பது இந்நாட்டில் வேறு பல நகரங்களுக்கு வாய்க்காத வசதியாகும்.